வேறுவிதமாகக் கற்கும் பிள்ளைகள்: குடும்பங்களுக்கு ஊர் எப்படித் துணை நிற்கலாம்?

"படிப்பு ஏறாத பிள்ளை", "மொக்கு", "குழப்படி", "சொல்வழி கேளாதது". ஒரு பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலக் கற்கவில்லை என்றால் எமது ஊர்களில் அதற்கு வைக்கப்படும் பெயர்கள் இவை. இந்தப் பெயர்கள் பிள்ளையோடு நின்றுவிடுவதில்லை. "தாய் செல்லம் குடுத்துக் கெடுத்துப்போட்டா", "தகப்பன் இல்லாத வீடு, அப்படித்தான் இருக்கும்" என்று குடும்பத்தின் மேலும் விழுகின்றன. யுத்தத்தில் உறவையும் வீட்டையும் தொழிலையும் இழந்து மீண்டெழ முயலும் குடும்பத்துக்கு இது இன்னொரு சுமை.

வடக்குக் கிழக்கில் இத்தகைய பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்கள் எதைக் கவனிக்க வேண்டும், எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், அவர்களுக்காக ஊர் என்ன செய்யலாம் என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது. பெரிய கட்டடமோ வெளிநாட்டு நிதியோ வந்த பின்னர்தான் தொடங்கலாம் என்றில்லை. இதில் சொல்லப்படுபவற்றில் பலவற்றை ஆறேழு குடும்பங்கள் சேர்ந்தால் தொடங்கிவிடலாம்.

எந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம்?

வேறுவிதமாகக் கற்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். நன்றாகக் கதைத்து, கணக்கை வாயால் சொல்லி, ஆனால் எழுத்தைக் கண்டவுடன் திணறும் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்பாடு இருக்கக்கூடும். ஓரிடத்தில் இருக்க முடியாமல், தொடங்கிய வேலையை முடிக்க முடியாமல் தவிக்கும் பிள்ளைக்குக் கவனக்குறைவும் மிகையியக்கமும் இருக்கலாம். மற்றவர்களோடு பழகுவதிலும் பேச்சிலும் வேறுபாடு காட்டி, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் பிள்ளைக்கு ஓட்டிசம் இருக்கலாம். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளும், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினரும், எல்லாவற்றையும் மெதுவாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளும் உள்ளனர். கேட்கும் திறனோ பார்வையோ குறைந்திருப்பதை எவரும் கண்டுபிடிக்காததால் பின்தங்கிய பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இவை அரிதானவை அல்ல. தென்னிலங்கையில் நகரத்தை அண்டிய ஒரு பகுதியில், 18 முதல் 24 மாத வயதுடைய குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு, 93 குழந்தைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதைக் கண்டது. வாசிப்பு இடர்பாடு ஓட்டிசத்தை விடப் பரவலானது. ஆகவே எந்தப் பாடசாலையிலும் இத்தகைய பிள்ளைகள் இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்வதே சரி.

சிறு வயதில் கவனிக்க வேண்டிய சில அடையாளங்கள் உண்டு. ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒன்றரை வயதாகியும் வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டாமை, இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லாமை, முன்பு சொன்ன சொற்களை இழந்துவிடுதல் ஆகியவை முக்கியமானவை. "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று காத்திருக்க வேண்டாம். காட்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நட்டமில்லை. காத்திருந்து இழக்கும் வருடங்கள் திரும்பி வருவதில்லை.

தமிழ் எழுத்தும் வாசிப்பு இடர்பாடும்

வாசிப்பு இடர்பாடு ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளின் பிரச்சினை என்ற எண்ணம் சில ஆசிரியர்களிடமும் உள்ளது. தமிழில் அது வேறு உருவில் வெளிப்படுகிறது. எமது நெடுங்கணக்கில் 247 எழுத்துகள். ல, ள, ழ என்பவற்றையும் ந, ன, ண என்பவற்றையும் ர, ற என்பவற்றையும் பிரித்தறிய வேண்டும். "கொ" என்று சொல்லும்போது காதுக்கு முதலில் கேட்பது "க்" என்ற ஒலி. கண்ணுக்கு முதலில் தெரிவதோ கொம்பு; பிறகு "க"; அதன் பிறகு அரவு. ஒலியின் ஒழுங்கும் எழுத்தின் ஒழுங்கும் மாறுபடும் இந்த இடத்தில் பல பிள்ளைகள் சறுக்குகிறார்கள். இதனுடன் வீட்டில் "போறன்" என்று கதைக்கும் பிள்ளை புத்தகத்தில் "செல்கிறேன்" என்பதைச் சந்திக்கிறது.

எல்லாப் பிள்ளைகளும் தொடக்கத்தில் இவற்றில் தடுமாறுவார்கள். மற்றவர்கள் ஓரிரு வருடங்களில் தாண்டிவிட, ஒரு பிள்ளை மட்டும் தரம் மூன்றிலும் எழுத்துக்கூட்டித் திணறினால், அதே பிள்ளை கதை கேட்டு விளங்கிக்கொள்வதில் குறைவில்லாமல் இருந்தால், அது சோம்பல் அல்ல. எமது பாடசாலைகளில் வகுப்பேற்றம் பொதுவாக வயதுடன் நடந்துவிடுகிறது. அதனால் வாசிக்கத் தெரியாமலே ஒரு பிள்ளை தரம் ஆறுக்கும் எட்டுக்கும் போய்ச் சேர முடிகிறது. அங்கே அது வகுப்பின் பின்வரிசையில் மௌனமாக இருக்கும், அல்லது குழப்படி செய்யும். இறுதியில் இடைவிலகும்.

இப்பிள்ளைகளுக்கு உதவும் கற்பித்தல் முறை எமக்குப் புதிதல்ல. விஜயதசமி அன்று ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் "அ" எழுதுவிக்கிறோம். வாய் சொல்கிறது, காது கேட்கிறது, விரல் உணர்கிறது, கண் பார்க்கிறது. பல புலன்களையும் ஒன்றாகப் பயன்படுத்தும் இதே முறையையே வாசிப்பு இடர்பாடுள்ள பிள்ளைகளுக்குப் பல மாதங்கள் தொடர்ந்து செய்ய வேண்டும். மணலில் எழுதலாம், மாவைத் திரட்டி எழுத்து உருட்டலாம், சொல்லைக் கைதட்டி அசை பிரிக்கலாம். ஒரே நாளில் பத்து எழுத்துகளை விட, ஒரு வாரத்தில் இரண்டு எழுத்துகள் உறுதியாவது மேல்.

எல்லாவற்றுக்கும் யுத்தமா காரணம்?

எமது பிரதேசத்தில் பிள்ளையின் எந்தச் சிக்கலுக்கும் இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று விதி, கர்மம், செய்வினை. மற்றது யுத்தம். முதலாவது பெற்றோரைக் குற்றவாளிகளாக்குகிறது. இரண்டாவது அனுதாபத்தோடு சொல்லப்பட்டாலும், "இப்படித்தான் இருக்கும், என்ன செய்வது" என்று கைவிட வைக்கிறது. இரண்டுமே பிள்ளையைப் பரிசோதனைக்குக் கொண்டுபோவதைத் தாமதப்படுத்துகின்றன.

யுத்தத்தின் பங்கு உண்மையானது. அதைச் சரியான இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வெடிச்சத்தத்தாலும் தலைக்காயத்தாலும் கேட்கும் திறனை இழந்தவர்களும் வலிப்பு வந்தவர்களும் எம்மிடையே உள்ளனர். 1995 வலிகாமம் இடப்பெயர்வு, 2004 ஆழிப்பேரலை, 2009 முள்ளிவாய்க்கால், அதன் பின் முட்கம்பிக்குள் கழிந்த மாதங்கள் என்று ஒரு தலைமுறையின் பள்ளிக்காலம் துண்டுதுண்டானது. அந்தப் பிள்ளைகள்தான் இன்றைய தாய் தந்தையர். தங்கள் பிள்ளையின் புத்தகத்தைத் திறந்து உதவ முடியாமல் இருப்பதற்கு அவர்களை எவரும் குறைசொல்ல முடியாது.

ஆனால் யுத்தம் முடிந்த பின்னர் பிறந்த பிள்ளைக்கு ஓட்டிசமோ வாசிப்பு இடர்பாடோ இருந்தால், யுத்தம் கண்டிராத நாடுகளின் பிள்ளைகளுக்கும் அது இருப்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இவை பிறப்பிலிருந்தே மூளை வளரும் விதத்தோடு தொடர்புடையவை. தாயின் கண்ணீரோ வளர்ப்போ இவற்றை உண்டாக்குவதில்லை.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. முன்பு நன்றாக இருந்த பிள்ளை ஓர் இழப்புக்கோ அதிர்ச்சிக்கோ பின்னர் படிப்பை விட்டு, கனவில் பயந்து, படுக்கையில் சிறுநீர் கழித்து, தாயை விட்டு அகல மறுத்தால் அது உளக்காயத்தின் அடையாளமாக இருக்கலாம். சிறுவயது முதலே, வீட்டிலும் பாடசாலையிலும், ஒரே விதமான சிக்கல் தொடர்ந்து இருந்தால் அது கற்றல் அல்லது வளர்ச்சி வேறுபாடாக இருக்கலாம். இரண்டும் ஒரே பிள்ளையில் சேர்ந்திருக்கவும் கூடும். தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர். ஆனால் எப்போது தொடங்கியது, எங்கெல்லாம் தெரிகிறது என்ற விபரத்தைப் பெற்றோர்தான் கொண்டுபோக வேண்டும்.

எந்த முடிவுக்கும் முன்னர் கண், காது, இரத்தச்சோகை ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். கதைத்துக்கொண்டிருக்கும்போதே சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீண்டும் சாதாரணமாகும் பிள்ளைக்கு அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். வகுப்பில் அதனைக் "கவனம் இல்லை" என்று அடிக்கிறார்கள். மருந்தினால் கட்டுப்படுத்தக்கூடிய ஒன்றுக்கு அடி வாங்கும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

குடும்பம் தனித்துப்போவது எப்படி?

முன்னர் ஒரு பிள்ளையைத் தாய் தனியாக வளர்க்கவில்லை. அம்மம்மா இருந்தார், சித்தி இருந்தார், வேலிக்கு அப்பால் கூப்பிட்டால் வர ஆளிருந்தது. இடப்பெயர்வும் இழப்பும் புலப்பெயர்வும் அந்த வலையை அறுத்துவிட்டன. மீள்குடியேற்றக் கிராமத்தில் அயலவர் புதியவர். கணவனை இழந்த அல்லது காணாமலாக்கப்பட்ட கணவனைத் தேடும் பெண் ஒருத்தியே உழைக்கவும், கிளினிக்குக் கொண்டுபோகவும், வீட்டைப் பார்க்கவும் வேண்டியிருக்கிறது. கிளினிக் நாள் என்றால் அன்றைய கூலி இல்லை. பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும் வேறு.

இதோடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. கலியாண வீட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போவதில்லை. அக்காவுக்குச் சம்பந்தம் பேசும் நாளில் தம்பியைப் பின்னறையில் இருத்துகிறார்கள். தகப்பன் சில வீடுகளில் ஒதுங்கிவிடுகிறார், சில வீடுகளில் குடிக்கிறார், சில வீடுகளில் பிள்ளையை அடிக்கிறார். சகோதரங்களுக்கோ தங்களை எவரும் கவனிக்கவில்லை என்ற மனக்குறை. இவ்வளவுக்கும் நடுவில் தாயின் மனதில் ஒரே கேள்வி இருக்கும்: "எனக்குப் பிறகு இந்தப் பிள்ளையை ஆர் பார்ப்பினம்?"

இந்தக் கேள்விக்குத் தாய் தனியாக விடை தேட முடியாது. அதனால்தான் இதை ஊரின் பொறுப்பு என்கிறோம்.

எங்கே போவது? யாரைக் கேட்பது?

அரச கட்டமைப்பில் உதவிகள் வெவ்வேறு திணைக்களங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றில் இருப்பவருக்கு மற்றதைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். எனவே பெற்றோர் ஒழுங்கு தெரிந்து போவது நல்லது.

முதலாவது, சுகாதாரம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் உங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தரிடம் தொடங்குங்கள். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக் கோடு மட்டுமல்ல, எந்த வயதில் என்ன செய்ய வேண்டும் என்ற வளர்ச்சிப் படிகளும் உள்ளன. அதைக் காட்டிக் கேளுங்கள். அவர் ஊடாகச் சுகாதார வைத்திய அதிகாரியையும், அங்கிருந்து ஆதார அல்லது போதனா வைத்தியசாலையின் குழந்தை வைத்திய நிபுணரையும் உளநலப் பிரிவையும் அணுகலாம். பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தரம் 1, 4, 7, 10 ஆகியவற்றில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடைபெறுகிறது. அந்நாளில் பிள்ளையின் சிக்கலை ஆசிரியர் ஊடாகத் தெரிவியுங்கள்.

பேச்சுச் சிகிச்சையாளர்களும் தொழில்வழிச் சிகிச்சையாளர்களும் எமது பகுதியில் போதியளவு இல்லை. தமிழ் பேசுவோர் இன்னும் குறைவு. கிளினிக் தவணை மாதக்கணக்கில் தள்ளிப்போகலாம். அதனால் ஒவ்வொரு தவணையிலும் "வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவது அவசியம். மாதத்தில் அரை மணி நேரச் சிகிச்சையை விட, நாளாந்தம் வீட்டில் செய்யும் கால் மணி நேரப் பயிற்சி பிள்ளைக்குப் பயன் தரும்.

இரண்டாவது, கல்வி. அதிபரிடம் பேசுங்கள். விடை கிடைக்காவிட்டால் வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளரைச் சந்தியுங்கள். சாதாரண பாடசாலைகள் சிலவற்றில் விசேட கல்வி அலகுகள் இயங்குகின்றன. எந்தப் பாடசாலையில் அலகு உள்ளது, பயிற்றப்பட்ட ஆசிரியர் உள்ளாரா என்பதை அங்கே அறியலாம். அலகில் சேர்ப்பது பிள்ளையை ஒதுக்கிவைப்பதாக முடியக்கூடாது. விளையாட்டு, சங்கீதம், காலைப் பிரார்த்தனை போன்றவற்றில் மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்குக் கோண்டாவில் சிவபூமி விசேட பாடசாலை, செவிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்குப் பல தசாப்தங்களாகக் கற்பித்துவரும் கைதடி நவீல்ட் பாடசாலை, மட்டக்களப்பில் ஓசானம் இல்லம் போன்ற நிறுவனங்கள் உள்ளன.

மூன்றாவது, பிரதேச செயலகம். அங்குள்ள சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் பிள்ளையைப் பதிவுசெய்யுங்கள். வலுவிழந்தோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு, உபகரணங்கள், 2023இல் தொடங்கிய அஸ்வெசும திட்டத்தின் கீழ் வரும் உதவிகள் பற்றி அவரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் விசாரிக்கலாம். சமுதாய அடிப்படையிலான புனர்வாழ்வு என்ற பெயரிலும் ஒரு வேலைத்திட்டம் உண்டு. 2009க்குப் பின் "புனர்வாழ்வு" என்ற சொல் எம்மவரிடையே வேறு நினைவுகளைக் கிளறுகிறது. இது அதுவல்ல. வலுவிழந்தோருக்கு அவர்கள் வாழும் ஊரிலேயே உதவும் திட்டம் இது. பெயரைக் கேட்டுப் பதிவைத் தவிர்க்க வேண்டாம்.

பிள்ளைக்கென ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ், வளர்ச்சிப் பதிவேடு, கிளினிக் அட்டைகள், வைத்தியரின் கடிதங்கள், பாடசாலை அறிக்கைகள் எல்லாவற்றினதும் பிரதிகள் அதில் இருக்கட்டும். இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்து அலைந்த எமக்கு இதன் அருமை தெரியும்.

சட்டம் தரும் உரிமை

அதிபர் ஒருவர் "இந்தப் பிள்ளையைச் சேர்க்க முடியாது" என்றால் அது அவருடைய சொந்த முடிவாக இருக்க முடியாது. வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாரபட்சம் காட்டுவதைத் தடை செய்கிறது. வலுவிழந்தோர் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24ஆவது உறுப்புரை எல்லாப் பிள்ளைகளையும் உள்ளடக்கிய கல்வியைப் பற்றியது. 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்ற விதியும் இப்பிள்ளைகளுக்குப் பொருந்தும். பாடசாலையில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு சுற்றறிக்கைகள் ஊடாக அறிவுறுத்தியுள்ளது. வாசிக்க முடியாததற்காக அடிப்பது பார்வை குறைந்தவரைப் பார்க்கவில்லை என்று அடிப்பதற்கு ஒப்பானது.

பொதுப் பரீட்சைகளில் மேலதிக நேரம், வினாத்தாளை வாசித்துக் காட்டுபவர், விடையை எழுதித் தருபவர் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். வைத்தியச் சான்றுகளோடு அதிபர் ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடித்திரிவதில் பயனில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைக்காக ஒரு வருடம் முன்னரே பேசத் தொடங்குங்கள்.

பெற்றோர் வட்டம்: தொடங்குவது எப்படி?

உரிமையும் அலுவலகமும் இருந்தாலும் தனி ஒரு தாய் அவற்றின் பின்னால் ஓடிக் களைத்துவிடுவார். அதே பாதையில் போகும் இன்னும் ஐந்து பேர் சேர்ந்தால் நிலைமை மாறும். உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சித் தாமதமுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கென ஒரு பயிற்சித் திட்டத்தை வகுத்துள்ளது. 9 குழு அமர்வுகளும் 3 வீட்டுச் சந்திப்புகளும் கொண்டது அது. வைத்திய நிபுணர்கள் குறைந்த இடங்களிலும் நடத்தக்கூடியதாக, பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்களே வழிநடத்தும் விதத்தில் அமைந்தது. குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது, விளையாடுவது போன்ற நாளாந்த வேலைகளையே கற்கும் சந்தர்ப்பங்களாக மாற்றுவதுதான் அதன் அடிப்படை. எமது ஊர்களின் பெற்றோர் வட்டமும் இதே அடிப்படையில் இயங்கலாம்.

ஆறு முதல் பத்துக் குடும்பங்கள் போதும். குடும்பநல உத்தியோகத்தருக்கும் முன்பள்ளி ஆசிரியைக்கும் எந்த வீடுகளில் இத்தகைய பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரியும். அவர்கள் ஊடாக அழைப்பு அனுப்புங்கள். ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டாம். இடம் எல்லோரும் தயங்காமல் வரக்கூடியதாக இருக்க வேண்டும். சனசமூக நிலையம் ஒரு பகுதியாருக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் நிலவும் ஊர்களில் முன்பள்ளிக் கட்டடமே பொருத்தம். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் கூடுங்கள். எத்தனை பேர் வந்தாலும் நடத்துங்கள்.

கூட்டத்தில் என்ன செய்வது? ஒவ்வொருவரும் கடந்த இரண்டு வாரங்களில் பிள்ளை புதிதாகச் செய்த ஒரு சிறு விடயத்தைச் சொல்லட்டும். பிறகு ஒரு சிக்கலை எடுத்துப் பேசுங்கள். தட்டை எறியும் பிள்ளை, இரவில் உறங்காத பிள்ளை, கழிப்பறைப் பழக்கம் வராத பிள்ளை என்று எதுவாகவும் இருக்கலாம். ஒருவர் வீட்டில் பலித்த வழி இன்னொருவருக்குப் பயன்படும். பிள்ளைகளை ஒப்பிடக் கூடாது, இங்கு பேசியது வெளியே போகக் கூடாது என்ற இரண்டு விதிகளையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கிளினிக் நாள்களை ஒன்றாக்கிக்கொண்டால் ஒரே ஓட்டோவில் மூன்று குடும்பங்கள் போகலாம். கூலிக்குப் போக வேண்டிய தாய்க்குப் பதிலாக இன்னொருவர் பிள்ளையைக் கொண்டுபோகலாம். கூட்டத்துக்கு ஒருமுறை சிறு தொகை போட்டு, அவசரப் பயணத்துக்கு ஒரு பொது நிதி வைக்கலாம். பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களை மாற்றிமாற்றிப் பயன்படுத்தலாம். மாதத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் மற்றவர்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, ஒரு தாய் நிம்மதியாக உறங்கட்டும். அதுவும் உதவிதான்.

தகப்பன்மாரையும் அழையுங்கள். பேசும் கூட்டத்துக்கு வரத் தயங்குபவர், ஊஞ்சல் கட்டவோ மணல் தொட்டி செய்யவோ கேட்டால் வருவார். அம்மம்மா, அப்பம்மாமாரும் வரட்டும். "முந்தி இப்படி ஒரு நோயும் இல்லை" என்று சொல்லும் அவர்களே, விளங்கிய பின்னர் தாய்க்குப் பெரிய பலமாவார்கள். சகோதரங்களுக்கென வருடத்தில் ஓரிரு நாள் தனியாக ஒரு நிகழ்வு வையுங்கள்.

ஊரில் மற்றவர்கள் செய்யக்கூடியவை

ரியூசன் ஆசிரியர் ஒருவர் வாரத்தில் ஒரு மணி நேரம் மூன்று பிள்ளைகளுக்கு வாசிப்புப் பழக்கலாம். உயர்தரம் முடித்துவிட்டுக் காத்திருக்கும் இளைஞர்களும் யுவதிகளும் வாசிகசாலையில் கதை வாசித்துக் காட்டலாம். கோயில் திருவிழாவிலும் தேவாலய விழாவிலும் சத்தம் தாங்காத பிள்ளைகளுக்கு அமைதியான ஒரு மூலை ஒதுக்கலாம். அறநெறிப் பாடசாலை ஆசிரியர்கள் தேவாரம் பாட முடியாத பிள்ளைக்குத் தீபம் ஏற்றும் பொறுப்பைக் கொடுக்கலாம். கடைக்காரர் அந்தப் பிள்ளையிடம் சாமானைக் கொடுத்து மிச்சக் காசை எண்ணிச் சொல்ல நேரம் கொடுக்கலாம். இவை எதற்கும் பணம் தேவையில்லை.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் இல்லங்களில் ஒருநேரச் சாப்பாடு கொடுப்பது நல்ல மனம். அதனுடன், ஒரு பெற்றோர் வட்டத்தின் மாதாந்தப் போக்குவரத்தையோ ஓர் உதவி ஆசிரியையின் கொடுப்பனவையோ ஒரு வருடத்துக்குப் பொறுப்பேற்றால் பிள்ளைகளின் கற்றல் தொடரும். இன்னொன்றும் உண்டு. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் பல குடும்பங்களில் இத்தகைய பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே பாடசாலை தரும் உதவிகளைப் பெறுகிறார்கள். ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது மட்டும் அதை மறைக்கிறார்கள். வெளிப்படையாகச் சொன்னால், ஊரில் தனித்திருக்கும் ஒரு தாய்க்கு அது காசை விடப் பெரிய ஆறுதல்.

கவனம் தேவைப்படும் இடங்கள்

"மூன்று மாதத்தில் ஓட்டிசத்தைக் குணமாக்குகிறோம்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் நகையை அடகுவைத்துப் போகாதீர்கள். ஓட்டிசத்தையோ வாசிப்பு இடர்பாட்டையோ முற்றாக மாற்றும் மருந்து எதுவும் இல்லை. பொறுமையான பயிற்சியால் பிள்ளை முன்னேறும். எவ்வளவு என்பது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். கோயிலுக்கு நேர்த்தி வைப்பது உங்கள் நம்பிக்கை. அதற்காகக் கிளினிக்கையும் வலிப்பு மருந்தையும் நிறுத்த வேண்டாம்.

உதவி கொடுப்பவர் பிள்ளையின் படத்தை முகநூலில் போடக் கேட்டால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. உதவி பெறுவதற்காகப் பிள்ளையின் மானத்தை விற்க வேண்டியதில்லை.

நடந்ததைச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் துன்புறுத்தலுக்கு இலகுவில் ஆளாகிறார்கள். யாரிடம் விட்டுப்போகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். தன் உடலின் அந்தரங்கப் பகுதிகளைப் பற்றிப் படங்கள் மூலமாவது கற்றுக்கொடுங்கள். சந்தேகம் இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பெற்றோரே தாங்க முடியாத மனச்சோர்வில் இருந்தால் தேசிய உளநல உதவிச் சேவையின் இலக்கம் 1926.

பிள்ளை வளர்ந்த பின்னர்

சாதாரண தரத்தோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் கீழ், தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் சாதாரண தரப் பெறுபேற்றைப் பாராமல் தொழில்சார் பாடங்களைத் தொடரலாம். தொழிற்பயிற்சி நிலையங்களும் உள்ளன. அரச மற்றும் கூட்டுத்தாபன வேலைவாய்ப்புகளில் 3 சதவீதத்தை வலுவிழந்தோருக்கு ஒதுக்க வேண்டும் என்ற சுற்றறிக்கை 1988 முதல் உள்ளது. நடைமுறையில் அதைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. கேட்பதற்கும் ஒரு கூட்டம் வேண்டும்.

எல்லோரும் அரச வேலைக்குப் போகப் போவதில்லை. கோழி வளர்ப்பு, தோட்டம், பனையோலை வேலை, தையல், வெதுப்பகம், சைக்கிள் திருத்தம் என்று ஊரிலேயே கற்கக்கூடிய தொழில்கள் உள்ளன. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போதே, எதில் அதன் கை நிற்கிறது என்று கவனிக்கத் தொடங்க வேண்டும். பஸ்ஸில் தனியாகப் போவது, காசு எண்ணுவது, சோறு சமைப்பது, தன் பெயரையும் ஊரையும் சொல்வது ஆகியவையும் பாடங்களே. சில பிள்ளைகளுக்கு இவையே முதன்மைப் பாடங்கள்.

"எனக்குப் பிறகு ஆர்?" என்று கேட்கும் தாய்க்கு எந்த அரசும் எந்த நிறுவனமும் முழு விடை தரப்போவதில்லை. அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் கடைக்காரர், அதற்கு வாசிக்கப் பழக்கிய அக்கா, அதே வட்டத்தில் கூட வளர்ந்த மற்றப் பிள்ளைகள், அவர்களின் பெற்றோர் ஆகியோரை அது சின்னதாக இருக்கும்போதே ஒன்றுசேர்க்கத் தொடங்க வேண்டும். முதல் வேலை, அடுத்த வாரம் குடும்பநல உத்தியோகத்தரிடம் போய், இதே நிலையில் உள்ள மற்றக் குடும்பங்களைச் சந்திக்க விரும்புவதாகச் சொல்வதுதான்.